கொழுந்துத் தட்டில் ஒரு கை

அத்தியாயம் 6

1979 டிசம்பர் 9, ஞாயிறு காலை, செம்பாக்கா தோட்டத்துப் பழைய பேக்டரியில் இருந்தவர்கள்:

வேலப்பன். தோட்டத்து லோரி டிரைவர். வாசல் படியில் உட்கார்ந்து சுருட்டு பிடித்ததாகச் சொல்கிறான்.

செல்லம்மா. அவன் மனைவி. தேயிலைக் கொழுந்து பறிப்பவள்.

தவமலர். அவர்களுடைய ஒரே பிள்ளை. ஆறு வயது. பதினொன்றரை மணியிலிருந்து காணோம்.

பக்கிரிசாமி. வேலப்பனின் அண்ணன். கம்போங் ராஜாவில் காய்கறி போடுகிறார். பதினொரு மணிக்கு வேனில் வந்தார்.

சீதா. பக்கிரிசாமியின் மனைவி. வேனை விட்டு இறங்கவில்லை.

ரெங்கசாமி. காவல்காரர். சாவிக்கொத்து இவரிடம்.

இன்னும் பதினோரு குடும்பங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும். யாரும் நிற்காமல் ஓடியதால் எண்ண முடியவில்லை.

நவமணி இதைக் கடிகார ரிப்பேர் ரசீது ஒன்றின் பின்பக்கம் எழுதி நீட்டியபோது மணி பன்னிரண்டு இருபது.

"அண்ணே, லிஸ்ட் ரெடி. இதுல பொய் சொல்றது யாருன்னு ஒரு கோடு போட்டுக் குடுத்தீங்கன்னா மழைக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடலாம்."

"எல்லாரும்தான் சொல்லுவாங்க. எந்தப் பொய் நமக்கு வேணும்னு பாக்கணும்," என்றார் நாகரத்தினம்.

நாகரத்தினத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. போலீசில் கார்ப்பரலாக இருந்து விலகியவர். தானா ராத்தாவில் கடிகாரக் கடை. அதில் சோறு வருகிறது. ஆள் தேடும் வேலையும் அவ்வப்போது வருகிறது. அதில் தூக்கம் போகிறது. நவமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஏழு வருடம் இருந்தவள். மலையில் உள்ளவர்கள் பேசியதையெல்லாம் காதில் வாங்கியவள். அதனால் யார் மேலும் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இருவரையும் அழைத்து வந்தவர் பக்கிரிசாமி. வழி நெடுக ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான். பிள்ளை பின்கதவு வழியாக ரோட்டுக்கு ஓடியது. அந்த நேரத்தில் ஒரு காய்கறி லோரி மலையடிவாரத்துத் தாப்பா பக்கம் இறங்கியது. பிள்ளையை யாரோ தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் பாதி வழியில் ரிங்லெட்டில் ரோட்டை மறிக்கப் போயிருக்கிறது. லோரி அதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டியிருந்தால் ஒரு மணிக்குள் கீழே தாப்பாவில் இருக்கும். அங்கிருந்து நாடு முழுக்க ரோடு.

"நாப்பது நிமிசம் இருக்கு," என்றாள் நவமணி.

"இருக்கறதா நினைச்சுக்க," என்றார் நாகரத்தினம்.

பேக்டரி ஓடுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. துரையின் மனைவியும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரும் சேர்ந்து அதைப் பிள்ளைகள் மியூசியமாக மாற்றியிருந்தார்கள். வாசலில் பெரிதாக ஒரே ஒரு சொல் எழுதிய பலகை: தொடலாம். கொழுந்து கசக்கும் உருட்டு மிஷினைக் கையால் சுற்றலாம். கொழுந்துத் தராசில் ஏறி நிற்கலாம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணியை அடிக்கலாம். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து 'தொடாதே' என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். முதல் அரை மணி நேரம் முக்கால்வாசிப் பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள் என்று ரெங்கசாமி சொன்னார்.

இப்போது உள்ளே பிள்ளைகள் இல்லை. ஆம்பிளைகள் தேயிலைக்குள் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பை விட்டு இறக்காமல் வெளித்திடலில் நின்றார்கள்.

செல்லம்மா நீள மேசை அருகே நின்றாள். அழவில்லை. முந்தானை முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எங்கம்மா பாத்தே?" என்று கேட்டார் நாகரத்தினம்.

"இங்கதாங்கய்யா. இந்தத் தட்டுலதான் கை வெச்சா. வெச்ச உடனே பின்கதவால ஓடிட்டா. நான் கதவுகிட்டப் போறதுக்குள்ள லோரி கெளம்பிருச்சு."

"மணி?"

"பதினொன்னரை. பெரிய கடியாரத்தைப் பாத்தேன்."

"லோரி எப்படி இருந்துச்சு?"

"பச்சை லோரி. மேல கித்தான் கிழிஞ்சிருந்துச்சு. கிழிசல் பறக்காம இருக்க மேல பழைய டயரு ஒன்னு போட்டிருந்தாங்க."

நல்ல சாட்சி. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இவ்வளவு நன்றாகப் பார்ப்பதில்லை. நாகரத்தினம் அதை மனதில் ஒரு ஓரமாக வைத்தார்.

மேசையில் வரிசையாகத் தகரத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் வாடிய கொழுந்து. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். ரெங்கசாமி தட்டின் விளிம்பில் சாக்கட்டியால் பெயர் எழுதுவார். வீட்டுக்குப் போகும்போது திரும்பி வந்து பார்த்தால் கசங்கிய இடம் மட்டும் சிவந்து, பச்சைக்கு நடுவே கை தெரியும். தேயிலை எப்படி நிறம் மாறுகிறது என்று காட்டுவதற்கான ஏற்பாடு.

தவமலரின் தட்டில் ஒரு சின்னக் கை இருந்தது. நடுவிரல் மட்டும் தடிப்பாக விழுந்திருந்தது.

"முந்தாநாள் வெரலை வெட்டிக்கிட்டா. துணி சுத்தியிருந்தேன்," என்றாள் செல்லம்மா.

நாகரத்தினம் ரெங்கசாமியின் காதருகே குனிந்தார். உருட்டு மிஷின் பக்கத்தில் முப்பது வருடம் நின்று மந்தமான காது அது.

"மொதல்ல கை வெச்ச பிள்ளை யாரு?"

"மாடசாமி மவன். பத்து மணிக்குக் கதவத் தொறந்தேன், என் காலை மிதிச்சிட்டு ஓடியாந்தான்."

"கடைசி?"

"பூசாரி பேத்தி. அது கைய வெக்கிறப்பத்தான் இந்தம்மா கத்துச்சு."

நாகரத்தினம் மூன்று தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பூசாரி பேத்தியின் கை இன்னும் பச்சை. ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. மாடசாமி மகனின் கை புதுச் செம்புக்காசு போல் இருந்தது.

தவமலரின் கையும் செம்புக்காசு.

அவர் தட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி நகர்த்தினார். அவ்வளவுதான்.

"புள்ளையக் காணோம்னு கூட்டியாந்தா கொழுந்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே," என்றார் பக்கிரிசாமி. வேலப்பன் தட்டைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். அவனுக்கு லோரியில் ஏற்றும் மூட்டை தெரியும். அவன் அண்ணனுக்கு முட்டைக்கோஸ் தெரியும். தட்டில் இருந்த நிறம் இருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

செல்லம்மா தட்டைப் பார்த்ததும் பார்வையை விலக்கினாள். கொழுந்து கூடையில் கசங்கிச் சிவந்தால் கங்காணியிடம் திட்டு வாங்குவது அவள்தான். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சிவக்கும் என்று அங்கே இருந்தவர்களில் அவளுக்கு நன்றாகத் தெரியும். முந்தானை முடிச்சு விரலுக்குள் இறுகியது.

நாகரத்தினம் நவமணியை வெளியே கூட்டி வந்தார்.

"பிள்ளை கை வெச்சது பத்து மணிக்கு. பதினொன்னரைக்கு இல்ல. நடுவுல ஒன்னரை மணி நேரத்தை யாரோ முழுங்கிட்டாங்க."

"யாருன்னு நான் சொல்லவா?" நவமணி வேனைக் காட்டினாள். "அந்தம்மாகிட்டப் போய்த் தண்ணி கேட்டேன். மடியில புது கவுனு. கீழ புது சப்பாத்து. பக்கத்துல ஸ்கூல் பை. பையில பெயிண்டுல பேரு எழுதிருக்கு. தவமலர். அப்பா பேரு வேலப்பன் இல்லலா. பக்கிரிசாமி."

நாகரத்தினம் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆள் அவருதான்," என்றாள் நவமணி. "புடிங்க, போலாம்."

"வேன் பதினொரு மணிக்கு வந்ததைத் திடல்ல அத்தனை பேரும் பாத்திருக்காங்க. அதுவும் போவட்டும். பிள்ளையைத் தூக்குனவன் என்னைத் தேடிக்கிட்டு வருவானா?"

"உங்க திறமை மேல நம்பிக்கை இல்லாதவனா இருந்தா வருவான்."

வேலப்பன் படியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைக்க முயன்றுகொண்டிருந்தான். மூன்று குச்சி அணைந்துவிட்டது. நாகரத்தினம் நான்காவதை உரசி நீட்டினார்.

"பிள்ளையை அண்ணனுக்குக் குடுக்கறதா பேச்சா?"

வேலப்பன் தலையை ஆட்டினான். "எங்கப்பா செத்தப்ப எனக்கு நாலு வயசு. என்னைய வளத்தது எங்கண்ணன். அவருக்குப் பிள்ளை இல்ல. வாயைத் தொறந்து கேட்டாரு. இல்லன்னு எப்படிங்க சொல்றது?"

"என்னிக்குக் குடுக்கறதா இருந்துச்சு?"

"இன்னிக்கு. மியூசியத்தை நல்லா சுத்திக் காட்டிட்டு, சந்தோசமா இருக்கறப்பவே வேன்ல ஏத்திடலாம்னு."

"செல்லம்மா என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்றது?"

நவமணி வாயைத் திறந்தாள். நாகரத்தினம் அவள் காலை மிதித்தார்.

இருவரும் கட்டடத்தைச் சுற்றிப் பின்கதவுக்குப் போனார்கள். ரோடு கதவிலிருந்து பத்தடி தள்ளி, கதவின் மட்டத்திலேயே ஓடியது. நாகரத்தினம் வாசற்படியில் நின்று காத்திருந்தார். மூன்று நிமிடம் வீணானது. பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு காய்கறி லோரி இறங்கி வந்தது.

"நவமணி, அந்த லோரி கித்தான் மேல என்ன கெடக்கு?"

"எனக்கென்ன தென்னை மரத்துக் கழுத்தா? பக்கப் பலகைதான் தெரியுது."

"நீ செல்லம்மாவை விட ஒசரம்."

நவமணி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் தலைக்கு மேல், கொழுந்து வாட்டும் மாடியின் ஜன்னல் ஒன்று ரோட்டைப் பார்த்துத் திறந்திருந்தது.

"டயரைப் பாத்தது அங்கேருந்து," என்றார் நாகரத்தினம்.

மாடிப்படி மரத்தாலானது. ஒவ்வொரு படியும் கத்தியது. மேலே நீளமான ஒற்றை அறை. கொழுந்தை வாட்டக் கோணி கட்டிய நீளத் தட்டுகள் வரிசையாகக் காலியாக இருந்தன. ஜன்னல் பக்கத்துத் தட்டில் மட்டும், பிள்ளைகள் அள்ளி விளையாட, பச்சைக் கொழுந்து பரப்பியிருந்தார்கள். அதற்கும் அப்பால் சாக்கு வைக்கும் சிறிய அறை. கதவு சாத்தியிருந்தது.

"யாரும் இல்ல," என்றாள் நவமணி.

"இருந்திருக்காங்க. தட்டைப் பாரு."

பரப்பிய கொழுந்தில் முக்கால்வாசி வந்தபடியே கிடந்தது. முற்றிய இலை, காம்பு, புல் எல்லாம் கலந்திருந்தது. ஜன்னலை ஒட்டி ஒரு கை எட்டும் தூரத்துக்கு மட்டும் அது சுத்தமாக இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தனித்துக் கிடந்தது. பொறுக்கி எடுத்த முற்றலும் காம்பும் தரையில் சின்னக் குவியலாக இருந்தன.

"பிள்ளைங்க வெளையாட்டா?"

"பிள்ளைங்க கலைச்சுப் போடும். இது நிறுக்கறதுக்கு முன்னாடி கூடையைச் சுத்தம் பண்ற கை. இத்தனை பொறுக்க ஒரு மணி நேரம் ஆகும். இங்க ஒருத்தி ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கா. கை மட்டும் சும்மா இருக்கல. பயத்துல அது பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு."

"ஞாயித்துக்கிழமையில சம்பளம் இல்லாத வேலை," என்றாள் நவமணி. அவள் குரலில் வழக்கமான கிண்டல் குறைந்திருந்தது.

நாகரத்தினம் சாக்கு அறைக் கதவருகே போனார். தாழ்ப்பாளில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்கியது. கீழே பார்த்த பூட்டுகள் எல்லாம் இரும்பு. பெரியவை. வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டவை. இது வீட்டுப் பூட்டு. லயத்தில் எல்லாக் கதவிலும் தொங்குவது.

படி கத்தியது.

செல்லம்மா மேலே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. குவியலைப் பார்த்தாள். அதைத் தானே செய்தது இப்போதுதான் தெரிந்ததுபோல் பார்த்தாள்.

"சாவி முந்தானையிலதானே இருக்கு?" என்றார் நாகரத்தினம்.

"ஐயா, ரெண்டு மணி பஸ்ஸுல எங்கக்கா வேலாயி வருது. அதுகூடப் பிள்ளைய ஏத்தி எங்கம்மா ஊருக்குக் கொண்டுபோயிடுவேன். அதுவரைக்கும் இவங்கல்லாம் லோரிய வெரட்டிட்டு இருக்கட்டும்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "உங்களக் கூட்டியாந்தது அவரு. நீங்க அவருகிட்டத்தான் சொல்லுவீங்க. தெரியும்."

"மொதல்ல கதவத் தொற. பிள்ளை மூச்சு விடுதான்னு பாக்கணும்."

முடிச்சை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. நவமணி சாவியை வாங்கித் திறந்து, பூட்டோடு நாகரத்தினத்திடம் கொடுத்தாள்.

சாக்கு அடுக்கின் மேல் தவமலர் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றி பன் துணுக்குகள். நடுவிரலில் சுற்றிய துணி கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்திருந்தது. நவமணி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"சளிக்குக் காலையில மருந்து குடுத்தேன். அதான் தூங்குது. சத்தம் போடாம இருந்தா தாப்பா மாம்பழம் வாங்கித் தரேன்னு சொன்னேன்," என்றாள் செல்லம்மா.

படி மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை ஏறியது யாரென்று மூவருக்கும் தெரியவில்லை. நவமணி கதவை மறைத்து நின்றாள். அவள் ஒல்லி. மறைத்தது பாதிதான்.

வந்தவள் சீதா. கையில் அந்தக் கவுன் மடித்தபடி இருந்தது. இவ்வளவு நேரம் வேனிலேயே இருந்தவள், செல்லம்மா தனியாக மாடி ஏறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள்.

அவள் முதலில் பார்த்தது பிள்ளையை அல்ல. தரையில் இருந்த குவியலை. காலால் ஒரு காம்பை நகர்த்தினாள். கல்யாணத்துக்கு முன் பன்னிரண்டு வருடம் கூடை சுமந்தவள் அவள். அவளுக்கு நாகரத்தினம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நவமணியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளையப் பூட்டி வெச்சிருக்கே," என்றாள் செல்லம்மாவிடம். "சாக்குக்குள்ள. ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா நானும் கூடவே போயிருப்பேன். உங்ககிட்ட வந்து நின்னிருக்க மாட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"யாரு என்னைக் கேட்டாங்க, சொல்றதுக்கு?"

சீதா கவுனைப் பார்த்தாள். "நீயே ஒத்துக்கிட்டேன்னு சொன்னாரு. சிரிச்சிக்கிட்டே ஒத்துக்கிட்டான்னு. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

செல்லம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு மூன்றாவது தடவை கேட்கவில்லை.

கீழே பக்கிரிசாமியின் குரல் கேட்டது. "சீதா, எங்க போனே? யாரு மேல?" அவருடைய செருப்பு முதல் படியில் ஏறியது. இரண்டாவது படியில் ஏறியது.

நாகரத்தினம் நவமணியைப் பார்த்தார். மாடியின் மறு கோடியில் மிஷின் பக்கம் இறங்கும் இரும்பு ஏணி இருந்தது. நவமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சீதா படியின் மேல்முனைக்குப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நான்தாங்க. தேடிப் பாத்தேன்."

"இருக்கா?"

நாகரத்தினம் சுவரோடு நின்றார். இந்த ஒரு பதிலை அவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. செல்லம்மா முந்தானையை வாயில் கடித்தாள். உள்ளே பிள்ளை தூக்கத்தில் ஒரு முறை இருமியது.

அதே நேரத்தில் பெரட்டு மணி அடித்தது. நவமணி அதைச் சும்மா தட்டவில்லை. காலை ஆறு மணிக்குக் கங்காணி அடிப்பதுபோல் விடாமல் அடித்தாள். தேயிலைக்குள் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் திடலை நோக்கித் திரும்பினார்கள். படியில் இருந்தவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவருடைய கால் நின்றது.

"சாக்குதாங்க கெடக்கு," என்றாள் சீதா. "ஏதோ சேதி வந்திருக்கு போல. நீங்க போய்ப் பாருங்க."

செருப்புச் சத்தம் இறங்கித் திடலுக்கு ஓடியது.

சீதா திரும்பி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. கவுனைச் செல்லம்மாவின் கையில் திணித்தாள்.

"மேல குளிரு. போத்தி விடு. ரெண்டு மணி வரைக்கும் இருமாம பாத்துக்க. அவரை நான் வேன்ல ஏத்திக்கறேன்."

"அக்கா..."

"உள்ள போ."

செல்லம்மா உள்ளே போனாள். சீதா கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். நாகரத்தினம் சாவியை வைத்துக்கொண்டு நீட்டிய பித்தளைப் பூட்டை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினாள். கீழே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்ததால் பூட்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதனால் அவள் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.